நெய்தற் பறை: திருகோணமலையின் ஒருமுகப் பறைகள் பற்றி ஒரு நோக்கு

தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுத்துரைக்கும் இடத்திலே தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே கூறுகின்றார். ஒரு நிலத்து மக்கள் எதை உண்டனர் என்பது எவ்வளவுக்கு முக்கியமோ, எதை முழக்கினர் என்பதும் அவ்வளவுக்கு முக்கியமானது என்னும் கருத்து இவ்வைப்பு முறையில் அடங்கியுள்ளது. பின்வந்த உரைமரபும் அகப்பொருள் இலக்கணமும் திணைக்குத் திணை பறையைப் பெயர் சுட்டிக் காட்டின. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை; முல்லைக்கு ஏறுகோட்பறை; நெய்தலுக்கு மீன்கோட்பறையும் நாவாய்ப்பறையும். மீன் பிடிப்போரும் மரக்கலம் செலுத்துவோரும் வாழும் துறைக்கு இவற்றிலும் பொருத்தமான பெயர்கள் கிடைப்பதரிது. கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்து கிடக்கும் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை நெய்தற் பறைக்குரிய நிலம் என்று கூறின், அதனை மறுப்பார் இலர்.

ஆயின், 'நெய்தல்' என்னும் சொல்லுக்குப் பறையைப் பொறுத்தவரையில் இன்னொரு பொருளும் உண்டு. அது சாப்பறை. ஒரு மனையிலே நெய்தல் ஒலிக்க, வேறொரு மனையிலே மணமுழவு ஒலிக்கும் உலகின் கொடுமையைப் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றின் 194ஆம் பாட்டிற் பேசுகின்றார். அங்கே இரு கருவிகளும் ஒரே ஊரில், அடுத்தடுத்த மனைகளில் ஒலிக்கின்றன; ஒன்று உயர்ந்தது மற்றொன்று தாழ்ந்தது என்ற பேச்சில்லை. அந்தப் பேச்சை அடியார்க்குநல்லாரிடத்தே காண்கின்றோம். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அவர், முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளைப் பெயர் கூறி, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு எனப் பலவாகப் பகுக்கின்றார். மத்தளம், இடக்கை, குடமுழா முதலியன அகமுழவு, அவை உத்தமம். தண்ணுமை, தக்கை முதலியன மத்திமம். கணப்பறை முதலியன அதமம். நெய்தற் பறையோ இவற்றுக்கெல்லாம் அப்பால், புறப்புறத்திலே வைக்கப்படுகின்றது. தொல்காப்பியத்தில் நிலத்தாற் பகுக்கப்பட்ட பறை, உரையாசிரியர் காலத்தில் தரத்தாற் பகுக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பெருங்கோயில்களும் பேரரசுகளும் எழுந்தன. கோயிலுக்கு உள்ளே நின்று முழக்கத்தக்கவர் யார், வெளியே நின்று முழக்கவேண்டியவர் யார் என்ற பாகுபாடு இறுகியது. அகம், புறம் என்ற அழகான சொற்கள் ஒரு மதிலின் இரு பக்கங்களைக் குறிப்பனவாயின. தரம் பிரித்த அளவுகோல் கருவியின் ஓசையா, கருவியை ஏந்தியவன் நின்ற இடமா என்ற வினாவை உரையாசிரியர் எழுப்பவில்லை. அவரைக் குறை கூறுவதிற் பயனில்லை. ஆனால், அவ்வினாவை இன்றைய திறனாய்வாளரும் எழுப்பாதிருப்பது குறை கூறத்தக்கதே.

இங்கு ஒன்றைக் குறிப்பிடல் தகும். ஈழத்துப் பேச்சு வழக்கில் 'பறைதல்' என்றால் கதைத்தல். சும்மா பறையாதே என்று தாய் பிள்ளையை அதட்டுவாள். வினைச்சொல்லாக நிற்கும்போது அடுக்களை வரைக்கும் தயக்கமின்றி வரும் இச்சொல், பெயர்ச்சொல்லாக மாறியவுடன் தெருக்கோடிக்குத் துரத்தப்படுகின்றது. மொழிக்கு இதில் எப்பங்கும் இல்லை.

தொல்காப்பியர் இணைத்துக் கூறிய இரு கருவிகளுள் யாழுக்கு ஈழத்திலே பேராய்வு ஒன்று வாய்த்தது. மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்து, திருகோணமலை இந்துக் கல்லூரியோடும் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்துபோன அக்கருவியைப் பழந்தமிழ் நூல்களின் குறிப்புகளைக் கொண்டும் கணித முறையைக் கொண்டும் ஆராய்ந்து, 1947இல் 'யாழ் நூல்' வெளிவரச் செய்தார். அதன் பெருமை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயினும் இறந்துபோன நரம்புக் கருவிக்குக் கிடைத்த ஆராய்ச்சிக் கவனம், அதே கரையில் உயிரோடிருந்த தோற்கருவிக்குக் கிடைக்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. யாழ் நூலோடு ஒரு தட்டில் வைத்துப் பேசத்தக்க பறை நூல் ஒன்று ஈழத்தில் எழவில்லை. இறந்த கருவியை ஆராய்பவன் ஏட்டோடு மட்டும் பழகினாற் போதும். உயிருள்ள கருவியை ஆராய்பவன் அதை வைத்திருப்பவனின் திண்ணையில் அமரவேண்டும். அவன் தரும் தண்ணீரைக் குடிக்கவேண்டும். நீண்ட காலமாக நமது புலமை அந்த இரண்டாவது காரியத்துக்கு ஆயத்தமாக இருக்கவில்லை.

இனி உருவத்துக்கு வருவோம். உலக இசைக்கருவிகளை 1914இல் விஞ்ஞான முறையில் வகைப்படுத்திய ஹோர்ன்பொஸ்டெல், சாக்ஸ் ஆகிய இருவரும் வளையப் பறை என்னும் வகைக்கு எளிய இலக்கணம் ஒன்று வகுத்தனர்: கருவியுடலின் ஆழம் தோல்முகத்தின் ஆரையை விஞ்சாதிருத்தல் வேண்டும். அதாவது, குடம் அல்லது உருளை போன்ற வயிறு இல்லாத பறை. இவ்விலக்கணத்தின்படி நோக்கின், தமிழகத்தில் பறை என்றும் தப்பு என்றும் வழங்கும் கருவி, கருநாடக இசை மேடையின் கஞ்சிரா, அரபு நாடுகளின் தஃப், மலாய் நாட்டின் ரெபானா, சிங்கள மக்களின் றபான, கிழக்கிலங்கை முஸ்லிம்களின் றபான் யாவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. சங்கப் பாடல்களில் வரும் கிணை, தடாரி என்பவையும் இங்கு நினைவுக்கு வருகின்றன. புறநானூற்றுப் புலவர்கள் தடாரியின் முகத்தை முழுமதிக்கு ஒப்பிட்டனர். கிணையைக் கோலிற் கோத்த ஆமைக்கு ஒப்பிட்டனர். நீண்ட உடலுடைய மத்தளத்துக்கு மதியும் ஆமையும் உவமையாக வரமாட்டா. கைலாசபதி அவர்கள் 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆய்வில் பொருநர், பாணர் முதலியோரைச் சமூகத்தில் உரிய இடத்தில் வைத்துக் காட்டினார். கருவியை ஏந்திய கையை அவ்வாய்வு நமக்குக் காட்டிற்று. கையிலிருந்த கருவியை நோக்குவது பின்வந்தோர் கடமையாயிருந்தது.

திருகோணமலையிலே இக்கருவியைத் தேடப் புகுவோனை ஒரு விசித்திரமான நிலைமை எதிர்கொள்ளும். 'பறை' என்ற பெயரைச் சொல்லிக் கேட்டால், கிழக்கிலங்கைத் தமிழ்க் கிராமங்களின் பறைமேளத்தைக் காட்டுவர். அது இடையிலே குறுக்காகத் தொங்கவிட்டுக் கோலால் முழக்கப்படும் இருமுகக் கருவி. சொர்ணாளி என்ற குழலோடு சேர்ந்து சாவீட்டிலும், காளி, மாரி, கண்ணகி கோயிற் சடங்குகளிலும் அது ஒலிக்கும். மேற்கூறிய இலக்கணப்படி அது வளையப் பறையன்று. தமிழகத்தார் பறை என்று சொல்லும் உருவத்தை, அதாவது ஒரு வளையத்தில் ஒருமுகமாகத் தோல் போர்த்த கருவியை, இப்பிரதேசத்திற் காண விரும்பினால் கிண்ணியா, மூதூர் முதலிய முஸ்லிம் ஊர்களின் பக்கமாகத்தான் போகவேண்டும். அங்கே அதன் பெயர் றபான். பக்கீர்கள் கையில் இருக்கும்போது தாயிரா என்றும் வழங்கும். பெயர் ஓரிடத்தில் தங்கிவிட்டது. உருவம் இன்னோரிடத்தில் தங்கிவிட்டது. தப்பு என்ற மூன்றாவது பெயரோடு இதே உருவம் மலையகத் தோட்டங்களில் இருக்கின்றது. 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய மலையக மக்களுள் ஒரு பகுதியினர் திருகோணமலை மாவட்டத்துக்கும் வந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

றபான் என்ற சொல் அரபு மூலத்திலிருந்து வந்ததென்றும், மலாய் மக்கள் வழியாக வந்ததென்றும் கூறுவர். துறைமுகத்திற் சொற்கள் இறங்குவது வியப்பன்று. சரக்கோடு சரக்காக அவையும் இறங்கும். ஆனால் தமிழ்ப் பண்பாட்டு ஆய்வு தன் அலுமாரியைச் சமய வாரியாகத் தட்டுப் பிரித்து வைத்துக்கொண்டது. பறையைச் சாதியாராய்ச்சித் தட்டிலும், றபானை இசுலாமியப் பண்பாட்டுத் தட்டிலும், தப்பை மலையக நாட்டாரியற் தட்டிலும், கஞ்சிராவைச் சாத்திரிய இசைத் தட்டிலும் வைத்துவிட்டது. ஒரே வளையத்தை நான்கு தட்டுகளில் வைத்த பின்னர், அவற்றை ஒன்றாகப் பார்க்கும் கண் எங்கிருந்து வரும்?

வேலைப்பாட்டை நோக்கும்போது இவ்வுறவு மேலும் தெளிவாகின்றது. கைறபானுக்குரிய வளையம் பெரும்பாலும் பலா போன்ற மரத்தின் ஒரே துண்டைக் கடைந்தும் குடைந்தும் எடுக்கப்படுவது. தப்பின் வளையமோ வளைவாக வெட்டிய மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகடுகளாற் பொருத்திச் செய்யப்படுவது. முன்னையதில் மரம் வீணாகும், ஆனால் பொருத்து இல்லை. பின்னையதில் மரம் மிச்சப்படும், ஆனால் பொருத்து இளகினால் ஓசையும் இளகும். இவ்வேறுபாட்டில் பொருளாதாரமும் மறைந்திருக்கின்றது. கடைச்சற் பட்டறையும் பருத்த மரமும் வாய்க்கப் பெற்றவனுக்கே ஒற்றைத்துண்டு வளையம் கைகூடும். கைவாளும் உளியும் மட்டும் உடையவன் துண்டு பொருத்தியே ஆகவேண்டும்.

தோலின் கதை இன்னும் நுட்பமானது. றபானுக்கு ஆட்டுத்தோல், தப்புக்கு மாட்டுக் கன்றின் தோல் அல்லது எருமைக் கன்றின் தோல். தோலைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பலிலோ ஊறவைத்து மயிரையும் உட்சதையையும் வழித்தெடுப்பர். பின்னர் ஈரப்பதத்தோடு வளையத்தின்மீது இழுத்துப் பொருத்தவேண்டும். தப்புக்குப் புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டி, பின்புறத்தில் தோல்வாரால் இழுத்துக் கட்டுவதுண்டு. றபானுக்கு விளிம்பைச் சுற்றி ஆணி அறைவதுண்டு. தோல் உலரும்போது சுருங்கித் தன்னைத் தானே முறுக்கிக்கொள்ளும். இங்கேதான் கைத்தேர்ச்சி வெளிப்படும். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுபட்டால் முகம் முழுவதும் ஒரே சுருதி நில்லாது. வெயிலில் வைத்தால் விரைவில் உலரும், ஆனால் வெடிக்கும். நிழலில் வைத்தாற் காலம் செல்லும், ஆனால் தோல் ஒரு சீராக இறுகும். அவசரக்காரனுக்கு உரிய தொழில் அன்று இது. வளையப் பறைக்கு வயிறு இல்லாமையால், மத்தளத்தைப் போல உள்ளே அடைபட்ட காற்று ஓசையைத் தாங்கி நிறுத்துவதில்லை. தோலும் விளிம்புமே எல்லாம். நடுவில் அடித்தாற் கனத்த ஓசை. விளிம்பை ஒட்டி அடித்தாற் கூரிய ஓசை. தோலை மறுகை விரலால் அழுத்தினால் அடங்கிய ஓசை. இந்த மூன்றையும் கொண்டுதான் அவ்வளவு சொற்கட்டுகளும் எழுகின்றன. தப்பை இடக்கையால் உடலோடு அணைத்து, ஒரு கையிற் குறுந்தடியும் மறுகையில் மெல்லிய நீண்ட மூங்கிற் குச்சியுமாக முழக்குவர். றபானுக்குக் கோல் இல்லை. உள்ளங்கையும் விரல்களுமே அதன் கோல்கள்.

கடற்கரையில் இக்கருவிக்கு ஒரு பகை உண்டு. அது காற்றின் ஈரம். ஆட்டுத்தோல் ஈரத்தை உறிஞ்சினால் நெகிழும். நெகிழ்ந்தாற் சுருதி இறங்கும். திருகோணமலைக்கு மாரி பெய்வது ஐப்பசியிலிருந்து தை வரை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் அந்த இரவுகளில் றபானை எடுத்தவுடன் அடித்தால் மண்பானையைத் தட்டியது போலிருக்கும். ஆகவே முழக்குமுன் பொச்சுமட்டை நெருப்பிலோ கடதாசிச் சுவாலையிலோ முகத்தைக் காய்ச்சி எடுத்து, விரலாற் சுண்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சவேண்டும். தப்படிப்போர் வைக்கோல் நெருப்பிற் காய்ச்சுவதும், சித்திரைப் புத்தாண்டிலே சிங்களப் பெண்கள் பெரிய றபானைச் சுற்றி அமர்ந்து கீழே தணல் வைத்து முழக்குவதும் இதே காரணத்தால்தான். முறுக்காணி கொண்டு தோலை இறுக்கும் வசதியற்ற பறைகளுக்கெல்லாம் நெருப்பே முறுக்காணி. சமயம் மூன்று, மொழி இரண்டு, நெருப்பு ஒன்று.

இப்பறை செய்த சமூகப் பணி யாது? நோன்பு மாதத்தில் ஸஹர் வேளைக்கு முன்னர் பக்கீர் பாவாக்கள் றபானை முழக்கிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று உறங்குவோரை எழுப்பினர். பெருநாளன்று அதே வீடுகளுக்கு வந்து அவர்கள் பெற்ற அரிசியும் காசும் தருமம் எனப்பட்டன; உண்மையில் அது கூலி. றிபாய் வழியினர் நடத்தும் ராத்திபு நிகழ்ச்சியில் பறையின் நடை மெல்ல மெல்ல விரைந்து கூட்டத்தையே தன்வயப்படுத்தும். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் நடைபெறும் கொடியேற்ற விழா போன்றவற்றுக்குப் பக்கீர்கள் திரண்டு வருவர். மலையகத்திலோ தப்பு காமன் கூத்துக்கும் சாவீட்டுக்கும் முழங்கியதோடு, விடியற்காலையிலே தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கவும் முழங்கிற்று. ஒன்று மக்களை உணவுக்கு எழுப்பியது. மற்றொன்று உழைப்புக்கு எழுப்பியது. இரண்டும் விடியலுக்கு முந்திய இருளில் நடந்தவை. இருளில் நடந்தமையால்தானோ என்னவோ, இவை பற்றி எழுதியோர் தொகை மிகக் குறைவு.

இனிக் கஞ்சிராவை நோக்குவோம். இக்கட்டுரையின் வாதத்துக்கு அதனினும் வலுவான சான்று வேறில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளை அந்தச் சிறு வளையப் பறையைச் செம்மைப்படுத்திச் சங்கீதக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கையில் அது பெரும் புகழ் அடைந்தது. உடும்புத்தோல் போர்த்த அக்கருவியும் ஒரு வளையமே; அதற்கும் ஒரு முகமே. அதுவும் விலங்கின் தோலே. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் அத்தோலைப் பெறுதல் சட்டப்படி தடைப்பட்டது என்பது தனிக்கதை. தோலைத் தொடுதல் தீட்டு என்றால் மிருதங்கக்காரரும் கஞ்சிராக்காரரும் தீட்டுக்குரியவராகவேண்டும். ஒருவரும் அவ்வாறு கூறுவதில்லை. ஆகவே தப்பைப் புறப்புறத்தில் நிறுத்தியது தோலன்று, வளையமன்று, ஓசையுமன்று. அடியார்க்குநல்லாரின் மதில் இருபதாம் நூற்றாண்டிலும் நின்றது. ஒரு வளையம் அதற்கு உள்ளே சென்றது, இன்னொரு வளையம் வெளியே நின்றது என்பதே செய்தி.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அதை வாய் மூடி ஏற்றிருந்தார்கள் என்று கருதலாகாது. சென்னைச் சட்டசபையில் 1922இல் எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே, பறையின் பெயரால் வழங்கிய சாதிப்பெயர் நீங்கி ஆதி திராவிடர் என்ற பெயர் அரச வழக்குக்கு வந்தது. இலங்கையில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும், 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து தொடங்கிய ஊர்வலத்தோடு வேகம் பெற்ற தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களும் வடபகுதியிற் கொந்தளிப்பை உண்டாக்கின. அக்கரைப்பற்றுப் பகுதியின் பறைமேளக் குடிகளை ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் 1983இல் எழுதிய கட்டுரைக்கு இசைவும் நிர்ப்பந்தமும் என்ற பொருள்படத் தலைப்பிட்டார். அவ்விரு சொற்களும் பொருத்தமானவை. சாவீட்டில் முழக்குவது அக்குடிகளின் கலையாகவும் இருந்தது. மறுக்க முடியாத ஊழியமாகவும் இருந்தது. ஆகவே, பறையைக் கீழே போடுதல் பல இடங்களில் விடுதலையின் முதற் செயலாயிற்று.

நமது நாட்டார் கலை ஆர்வலர் இச்செயலை விளங்கிக்கொண்டனரா என்பது ஐயத்துக்குரியது. பறை அழிகின்றது, அதைக் காப்பாற்றவேண்டும் என்று மேடைகளில் முழங்குவோர், யார் அதை முழக்கவேண்டும் என்ற இடத்துக்கு வந்தவுடன் பழைய குடிகளையே கைகாட்டுகின்றனர். தம் பிள்ளையை வயலின் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பறையடிப்பவன் பிள்ளையைப் பார்த்து, மரபைக் கைவிடலாமா என்று கேட்பது பண்பாட்டுப் பற்று ஆகாது. வைத்திருப்பதற்கு உரிமை இருப்பது போலவே விட்டுவிடுவதற்கும் உரிமை இருக்கவேண்டும். விட்டுவிட்டவனின் மௌனமும் அக்கருவியின் வரலாற்றுள் ஒரு பகுதியே.

றபானுக்கு நேர்ந்ததும் ஒருவகை விலக்கே, காரணம் மட்டும் வேறு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்ற சமயச் சீர்திருத்த நோக்கு, பக்கீர் பைத்தையும் ராத்திபையும் தர்கா வழிபாட்டோடு சேர்த்து ஐயத்தோடு நோக்கிற்று. மணவிழாவில் தஃப் முழக்குதல் நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெறுவதைச் சுட்டி மறுதரப்பினர் வாதிட்டனர். அவ்விவாதத்தில் தீர்ப்புக் கூறுதல் கலைத் திறனாய்வின் வேலையன்று. ஆயினும் சமயவாதம் ஒன்றே றபானை ஒடுக்கிற்று என்பது அரையுண்மை. பள்ளிவாசலில் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டபோது பாவாவின் ஸஹர் வேலை பாதியாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் எழுப்புமணிக் கடிகாரம் வந்தபோது மீதியும் போயிற்று. அதன் மேல் போர். ஊரடங்கு நிலவிய இரவுகளில் விடியலுக்கு முன் பறை முழக்கிக்கொண்டு தெருவில் நடப்பது எவருக்கும் இயலாது. 2004 திசெம்பரிற் கடல் கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கியது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் ஊரையே விட்டு இடம்பெயர நேர்ந்தது. பெயரும்போது மனிதன் குழந்தையைத் தூக்குவான், பத்திரங்களைத் தூக்குவான். பறையைத் தூக்குவானா? 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் தோணித்துறை இருந்த இடத்தில் வாகனங்கள் ஓடுகின்றன. நாவாய்ப்பறைக்கு இனி நாவாயும் இல்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பல்கலைக்கழகங்களின் பங்கையும் மதிப்பிடுதல் வேண்டும். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைச் செப்பனிட்டு மேடையேற்றியமை ஈழத்துத் தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். கூத்தோடு மத்தளமும் சல்லரியும் கற்றோர் அவைக்கு வந்தன. மத்தளம் அண்ணாவியாரின் கருவி. ஊரில் அதற்கு மதிப்பு இருந்தது. பறை அப்போது வரவில்லை. பறைமேளக் கூத்துக் கிழக்கிலே பல்கலைக்கழக அவைக்கு வந்தது பல்லாண்டுகள் கழிந்த பின்னரே. றபானின் நிலை அதனினும் மோசம். நாட்டார் பாடல்களைத் தொகுத்தோர் பாடலடிகளை அச்சிட்டனர்; அப்பாடல்களோடு ஒலித்த தாளத்தை அச்சிடவில்லை. தாளம் நீங்கிய நாட்டார் பாடல் தோல் நீங்கிய வளையம் போன்றது. சொல்லை மட்டும் இலக்கியமாகக் கொள்ளும் பழக்கம் தமிழ்த்துறைகளில் வேரூன்றியிருந்தமையே இதற்குக் காரணம்.

தமிழகத்திலே நிலைமை வேறு திசையிற் சென்றுள்ளது. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் பறையை ஏந்தி ஆடுகின்றனர். ஆண்களுக்கே உரியதென்றும் சாவுக்கே உரியதென்றும் இருந்த இரு விலக்குகளையும் அவர்கள் ஒருங்கே மீறினர். மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. கீழே போடப்பட்ட பறையைத் தாமே விரும்பி மீண்டும் எடுத்தவர்கள் இவர்கள். மற்றவர் எடுத்துக் கொடுத்ததன்று. இவ்வேறுபாட்டை ஈழத்தார் கவனித்தல் நன்று. ஊர்வலத்துக்கு முன்னே அமைச்சரை வரவேற்கப் பறையை நிறுத்துவது மறுமலர்ச்சியாகாது. வரவேற்பவன் இன்னமும் வெளியேதான் நிற்கின்றான். மாலையுடன் வருபவர்தான் உள்ளே செல்கின்றார்.

இதனோடு பொருட்கேடும் ஒன்று வந்து சேர்ந்துள்ளது. மரவளையத்துக்குப் பதிலாக இரும்பும் நாரிழைப் பிளாத்திக்கும், தோலுக்குப் பதிலாகப் பிளாத்திக்குத் தாளும் வந்துவிட்டன. மாரியிலும் அவை நெகிழா, நெருப்புத் தேவையில்லை, விலையும் குறைவு. முழக்குவோனுக்கு இவை வசதி என்பதை மறுப்பது நேர்மையன்று. ஈரத்தோடு போராடி இரவு முழுவதும் காய்ச்சியவனை நோக்கி, நீ அப்படியே காய்ச்சிக்கொண்டிரு, எங்களுக்கு அசல் ஓசை வேண்டும் என்று சொல்லும் உரிமை கேட்போனுக்கு இல்லை. ஆனால் ஓசை மாறிவிட்டது. பிளாத்திக்கு முகம் எந்த இடத்தில் அடித்தாலும் ஏறக்குறைய ஒரே கூர்மையோடு ஒலிக்கும். ஆட்டுத்தோலின் நடுப்பகுதியில் எழும் அந்தக் கனம் அதில் இல்லை. மூன்று ஓசைகளில் ஒன்று போய்விட்டால், அந்த ஓசையை நம்பிக் கட்டப்பட்ட நடைகளும் போகும்.

முழக்குவோனைப் பற்றியாவது இவ்வளவு பேச முடிகின்றது. செய்வோனைப் பற்றி நமது ஏடுகளில் அநேகமாக ஒன்றுமில்லை. அடியார்க்குநல்லார் முப்பதுக்கு மேற்பட்ட கருவிகளின் பெயரைச் சொன்னார். அவற்றுள் ஒன்றையாவது செய்தவன் இன்னான் என்று சொல்லவில்லை. கோயிற்றொழும்புகளை இன்னார்க்கு இன்னதெனப் பகுத்துரைக்கும் கோணேசர் கல்வெட்டு போன்ற நூல்களிலும் தொழும்பு செய்வோர்க்கு இடமுண்டு. கருவியின் வளையத்தைக் கடைந்தவனுக்கும் தோலைப் பதமிட்டவனுக்கும் தனியிடம் இல்லை. இன்றைய விழா மலர்களிலும் இதே நிலைதான். பறைக்குழுவின் படம் வரும், பயிற்றுநரின் பெயர் வரும், தலைமை தாங்கியவரின் பெயர் இரண்டு முறை வரும். ஒரு றபானுக்கு வேண்டிய ஆட்டுத்தோல் இறைச்சிக் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கின்றது, அதைப் பதமிட எத்தனை நாள் செல்கின்றது, பலாக் கட்டைக்கு யார் கடன் தருகின்றார், செய்து முடித்த பறையை வாங்குவோர் ஆண்டுக்கு எத்தனை பேர் என்பவற்றை எழுதி வைப்பதற்குப் புலமை பெரிதும் தேவையில்லை. ஒரு கொப்பியும், மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ போய்வரும் பஸ் கட்டணமும், மாரி தொடங்குமுன் சில வாரங்களும் போதும்.